இன்னொரு டாக்டரையும் கேட்டுவிடுவோம்



"அப்பாவுக்கு உப்பு அஞ்சரைக்குப் போயிருச்சு. அடுத்த வாரமே டயாலிசிஸ் ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டாங்க. ஆரம்பிச்சிரலாமா, கொஞ்ச நாள் பொறுக்கலாமா?"

தங்கச்சிமடம், தொண்டி, கீழக்கரை, முதுகுளத்தூர் என்று பல ஊர்களிலிருந்து இந்தக் கேள்வி நமக்கு வந்துகொண்டே இருக்கிறது. எழுதுபவர் பெரும்பாலும் நோயாளி அல்ல. மகன், மருமகள், சில நேரம் பேத்தி. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவதைத்தான் நம் பக்கத்தில் உப்புக் கூடிவிட்டது என்கிறோம். கடிதத்தின் கடைசியில் தயங்கித் தயங்கி இன்னொரு வரியும் இருக்கும்: "வேறு டாக்டரிடம் காட்டினால் இவர் கோபித்துக்கொள்வாரா?"

நான் மருத்துவர் இல்லை. யாருக்கு எப்போது டயாலிசிஸ் என்று சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று தெரியாமலேயே ஒரு குடும்பம் இவ்வளவு பெரிய முடிவை எடுப்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க மனம் வரவில்லை. இந்த இதழின் ஆசிரியர் பக்கத்தை முழுவதுமாக இதற்கே வைத்துக்கொள்கிறேன்.

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் தடையாக நிற்பது அதுதான். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். சிறுநீரகம் பழுதாகிச் சென்னை அப்பல்லோவில் சேர்க்கப்பட்டது நம் தலைமுறைக்கு மறக்காது. ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மருத்துவர்கள் வந்து பார்த்தார்கள். நவம்பரில் நியூயார்க் புரூக்ளினில் உள்ள டௌன்ஸ்டேட் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அண்ணன் மகள் லீலாவதி கொடுத்த சிறுநீரகத்தை டிசம்பரில் பொருத்தினார்கள். 1985 பிப்ரவரியில் ஊர் திரும்பியவர், 1987 டிசம்பரில் மறையும்வரை முதலமைச்சராகவே இருந்தார். அத்தனை பேரிடம் கருத்துக் கேட்டதைச் சென்னை டாக்டர்களுக்குச் செய்த அவமரியாதை என்று யாரும் சொல்லவில்லை. முதலமைச்சருக்குச் சரியென்றால் உப்பளத்தில் வேலை செய்பவருக்கும் சரிதான்.

இதில் நாம் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், விரும்பும் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கும் உரிமை தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் அதை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியிருக்கிறது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ கேட்டால் சிகிச்சைக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஒளிந்து மறைந்து போக வேண்டியதில்லை. "சார், ஒருதடவை மதுரையில காட்டிட்டு வந்துடுறோம். எத்தனை நாள் பொறுக்கலாம்னு மட்டும் சொல்லுங்க, ரிப்போர்ட்டுக்கெல்லாம் ஜெராக்ஸ் கொடுங்க" என்று நேராகவே கேட்கலாம். நல்ல மருத்துவர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். எத்தனை நாள் பொறுக்கலாம் என்ற அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சில நேரங்களில் அதற்குப் பதில், "ஒரு மணி நேரம்கூடக் கிடையாது" என்பதாக இருக்கும். படுத்தால் மூச்சுத் திணறுகிறது, நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. பொட்டாசியம் ஏறி இ.சி.ஜி. மாறிவிட்டது, ரத்தத்தில் அமிலம் கூடி மருந்துக்கு அடங்கவில்லை, இதயத்தைச் சுற்றிய உறை அழன்றுவிட்டது, ஆள் குழறுகிறார், மயங்குகிறார், வலிப்பு வருகிறது. இவற்றில் எது இருந்தாலும் உடனே டயாலிசிஸ் செய்தாக வேண்டும். மதுரைக்கு பஸ் ஏறும் நேரம் அதுவல்ல. இனி நான் எழுதப்போவது இந்த ஆபத்துகள் எதுவும் இல்லாமல், எழுந்து நடமாடிக்கொண்டு, கையில் ஒரு ரிப்போர்ட்டோடு கலங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கு.

அந்த ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 5 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். முப்பது வயது ஆணுக்கு அது 5 என்றால், மருத்துவர்கள் இப்போது பயன்படுத்தும் கணக்கின்படி அவருடைய சிறுநீரகம் சுத்திகரிக்கும் வேகம் (இ.ஜி.எஃப்.ஆர்.) ஏறக்குறைய 15. அதே 5 எழுபது வயதுப் பாட்டிக்கு இருந்தால் அந்த வேகம் 9-க்கும் கீழே. உப்பு ஒன்றுதான், இருவரும் நிற்கும் இடம் வேறு. தசை குறைந்த உடம்பில் கிரியாட்டினினும் குறைவாகவே உண்டாகும் என்பதால் இந்த வித்தியாசம். "பக்கத்து வீட்டுக்காரருக்கு எட்டு வந்தப்பகூட ஒண்ணும் செய்யலையே" என்ற ஒப்பீடு எதற்கும் உதவாது. மருத்துவரிடம் கேட்க வேண்டியது "உப்பு எவ்வளவு?" என்பதை அல்ல, "இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு, ஆறு மாதம் முன்னால் எவ்வளவு இருந்தது?" என்பதை.

அந்த எண் எவ்வளவுக்கு இறங்கினால் டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும்? ஒருகாலத்தில் சீக்கிரம் ஆரம்பித்தால் நல்லது என்றே உலகம் முழுவதும் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 32 மையங்களில் 828 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குச் சுத்திகரிப்பு வேகம் 10-க்கும் 14-க்கும் இடையில் இருக்கும்போதே தொடக்கம். மற்றப் பிரிவுக்கு 5-க்கும் 7-க்கும் இடையில் இறங்கும்வரை காத்திருப்பு. ஐடியல் என்ற அந்த ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், சீக்கிரம் ஆரம்பித்தவர்களில் இறந்தவர்கள் 37.6 சதவீதம், காத்திருந்தவர்களில் 36.6 சதவீதம். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்றே சொல்லிவிடலாம். காத்திருந்தவர்களுக்கு டயாலிசிஸ் இல்லாமல் ஏறக்குறைய ஆறு மாதம் கூடுதலாகக் கிடைத்திருந்தது.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, அவசரமே இல்லை" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அதே ஆய்வில் காத்திருந்த பிரிவில் நான்கில் மூன்று பேரால் 7 வரை காத்திருக்க முடியவில்லை. வாந்தி, வீக்கம், மூச்சிரைப்பு என்று உடம்பு தாங்காமல் முன்பே ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருந்தவர்கள் அவர்கள். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதற்கு அந்த ஆய்வு சாட்சி சொல்லாது. எண்ணோடு உடம்பு சொல்வதையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பதுதான் இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி.

உடம்பு எப்படிச் சொல்லும்? நேற்றுவரை விரும்பிச் சாப்பிட்ட மீன்குழம்பு இன்று வாடையடிக்கும். வாயில் இரும்பைச் சப்பியதுபோல் ஒரு ருசி இருக்கும். காலையில் பல் துலக்கும்போது குமட்டும். தோல் அரிக்கும், விக்கல் நிற்காது, பகலெல்லாம் தூக்கம், ராத்திரி விழிப்பு. எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். சதை கரைந்துகொண்டிருக்கும்போதே உடம்பில் நீர் சேர்வதால் முள் அதே இடத்தில் நிற்கும். பழைய சட்டை தோளில் தொளதொளவென்றும் செருப்பு காலில் இறுக்கமாகவும் இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இதையெல்லாம் முதலில் கவனிப்பவர் வீட்டில் சோறு போடுபவர்தான். டாக்டர் அறைக்குள் மகன் மட்டும் போய்ப் பேசிவிட்டு வருவது நம் வழக்கம்; சமைக்கிறவரையும் கூட அழைத்துப் போங்கள்.

இரண்டாவது கருத்துக்குப் போகும்போது கேட்க வேண்டிய கேள்விகளில் முதலாவது, டயாலிசிஸ் எப்போது என்பதே அல்ல. "இது பழைய சேதமா, திடீரென்று வந்ததா? திரும்பிச் சரியாக ஏதாவது வாய்ப்பு இருக்கிறதா?" என்பதுதான். மூட்டுவலிக்குத் தினம் ஒரு வலி மாத்திரை, மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. ஊசி போட்டால்தான் மறுநாள் கடலுக்குப் போக முடியும் என்று போட்டுக்கொண்ட ஊசிகள். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பற்பம், லேகியம். நான்கு நாள் வயிற்றுப்போக்கு. புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் கல். இவை எல்லாமே கிரியாட்டினினை மளமளவென்று ஏற்றும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் சிலருக்கு இறங்கவும் செய்யும். ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கியிருக்கிறதா, அடைப்பு உண்டா என்று பார்த்தாலே நிறையத் தெரியும். அதனால்தான் பழைய ரிப்போர்ட்டுகள் முக்கியம். மூன்று வருடம் முன்னால் சர்க்கரைக்குப் பார்த்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு பீரோ அடியில் கிடந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் எல்லா மருந்தின் அட்டையையும், நாட்டு மருந்துப் பொட்டலத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மருத்துவர் திட்டுவார் என்று மறைத்துவிட்டால், கேட்ட கருத்தும் பாதிக் கருத்தாகவே இருக்கும்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் சிறுநீரகம் கெடுவதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்து 2023-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வேகம் ஏற்கெனவே 60-க்கும் கீழே இறங்கியிருந்தது. பெரும்பாலானவர்கள் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிய வெயிலில் வேலை செய்தவர்கள். வாலிநோக்கம் பக்கம் பாத்தியில் நிற்பவர்களுக்கு இந்தச் செய்தி யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரே குடிக்காமல் நிற்கும் பெண்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாத ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டது என்றால், என்ன வேலை, எவ்வளவு வெயில் என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது கருத்துக்கு எங்கே போவது? மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரகத் துறை இருக்கிறது. ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது. முதலில் அங்கே விசாரிக்கலாம். வசதியும் அவகாசமும் இருப்பவர்கள் வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறார்கள். இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை முதன்முதலில் வெற்றி கண்ட இடம் அது, 1971-ல். எங்கே போனாலும் அவர் சிறுநீரகச் சிறப்பு மருத்துவராக இருக்க வேண்டும். பொது மருத்துவர் இன்னொருவரைக் கேட்பது வேறு. "டயாலிசிஸ் இல்லாமலே கிட்னியைக் குணமாக்குகிறோம்" என்று விளம்பரம் போடுபவரைக் கேட்பது கருத்துக் கேட்பதே ஆகாது. அங்கே போன மாதங்கள் திரும்பி வராது. கையிலிருந்த கொஞ்சநஞ்ச சிறுநீரகமும் போய்விடக்கூடும். இரண்டு மருத்துவர்களும் ஒன்றையே சொன்னால் மூன்றாவது ஊரைத் தேட வேண்டாம். மாறுபட்டுச் சொன்னால், ஏன் மாறுபடுகிறார்கள் என்று இருவரிடமும் கேளுங்கள்.

டயாலிசிஸைத் தள்ளிப்போடலாம், அதற்கான ஏற்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைத்துத் தைக்கும் ஃபிஸ்டுலா என்ற சிறு அறுவைச் சிகிச்சை இருக்கிறது. 1966-லிருந்து உலகம் முழுவதும் இதைத்தான் சிறந்த வழியாக வைத்திருக்கிறார்கள். தைத்த பிறகு அது பருத்து ஊசி தாங்கும் அளவுக்கு வர ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் ஆகும். தயாரான ஃபிஸ்டுலாமேல் விரலை வைத்தால் விர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். அது தெரிகிறதா என்று தினம் காலையில் தொட்டுப் பார்க்க வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். இந்த ஏற்பாடு இல்லாமல் மூச்சுத் திணறலோடு ராத்திரியில் ஓடுபவருக்குக் கழுத்தில் குழாய் போடுவதைத் தவிர வழியிருக்காது. கிருமி தொற்றும் ஆபத்து அதில்தான் அதிகம். வலதுகைப் பழக்கம் உள்ளவர் என்றால் இடதுகையில் இனி ரத்தம் எடுக்கவோ குளுக்கோஸ் ஏற்றவோ விடாதீர்கள். அந்தச் சிரைகள் பின்னால் தேவைப்படும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் இப்போதே கேளுங்கள். வீட்டில் யாராவது சிறுநீரகம் கொடுக்க முன்வந்தால், டயாலிசிஸ் ஆரம்பிக்கும் முன்பே மாற்று அறுவைக்குப் போக முடியுமா என்றும் கேட்கலாம்.

நம் கடற்கரைக்கு வருகிறேன். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் என்பது மெஷின் கணக்கு. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல். போக, வர, காத்திருக்க என்று ஒரு பகல் முழுதும் போய்விடும். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல்தான் திறந்தது. இடையில் தீவில் இருந்தவர்களுக்கு பஸ்ஸும் காரும்தான். விசைப்படகுக்குப் போகிறவருக்கு வாரத்தில் மூன்று நாள் கடல், அதிலும் ராத்திரி முழுக்க வேலை, மறுநாள் காலையில் கரை. எந்த நாளில், எந்த ஷிஃப்டில் இடம் கிடைக்கும் என்பது அந்த வீட்டில் அடுப்பு எரிவதோடு சம்பந்தப்பட்டது. மருத்துவரிடம் கூச்சமில்லாமல் தொழிலைச் சொல்லுங்கள்.

வயிற்றுவழி டயாலிசிஸ் என்று ஒன்று இருப்பதையே நம் பக்கத்தில் பலருக்கு யாரும் சொல்வதில்லை. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய். பை ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் திரவம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். வீட்டிலேயே நோயாளியோ குடும்பத்தாரோ மாற்றிக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் உண்டு. சுத்தம் மிக முக்கியம். வெளியே வரும் திரவம் கலங்கியிருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் ஒத்துவராது. ஆனாலும் தீவில் இருக்கும் ஒருவருக்கு இப்படி ஒரு வழி உண்டு என்பதைச் சொல்லாமலேயே மெஷினுக்குத் தேதி குறிப்பது நியாயம் இல்லை. மருத்துவமனைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அட்டை இல்லாதவர்கள் முதல் டயாலிசிஸுக்கு முன்பே அதை வாங்கிவிடுங்கள். விவரத்துக்கு 104-ஐ அழைக்கலாம்.

ஆரம்பிக்காமலேயே இருப்பதும் ஒரு முடிவுதான் என்று எழுத எனக்குத் தயக்கம் இருந்தது. என்றாலும் எழுதுகிறேன். எண்பது வயது, இதயமும் பலவீனம், பல மாதமாகப் படுக்கை என்று இருப்பவருக்கு டயாலிசிஸ் எவ்வளவு காலம் தரும், அந்தக் காலம் எப்படி இருக்கும் என்று கேட்பது பாசக் குறைவு ஆகாது. அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் இருந்த 3,702 பேருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த பின் நடந்ததை 2009-ல் வெளியிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் 58 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள். முன்பிருந்த அளவுக்குத் தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிந்தவர்கள் 13 சதவீதம்தான். வீக்கம், அரிப்பு, மூச்சிரைப்பு எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் சிகிச்சையும் சிகிச்சைதான். பெரியவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே அவரையே கேளுங்கள். "அத்தாவுக்கு எதுக்கு இதெல்லாம் தெரியணும்" என்று வெளித்திண்ணையில் பேசி முடித்துவிடாதீர்கள், உடம்பு அவருடையது.

"மெஷின்ல ஏறிட்டா அவ்வளவுதான், அதோட முடிஞ்சுது" என்று பயப்படுகிறவர்களுக்கு ஜெயப்பிரகாஷ் நாராயணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெருக்கடி நிலையில் கைதாகிச் சண்டிகரில் வைக்கப்பட்டிருந்தவரை 1975 நவம்பரில் விடுதலை செய்தார்கள். அப்போது அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் போயிருந்தன. பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். அங்கே அவரைக் கவனித்தவர் டாக்டர் எம்.கே. மணி, பின்னாளில் சென்னைக்கு வந்து, சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீடு வீடாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து, மலிவான மருந்துகளைக் கொண்டே சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியும் என்று செய்து காட்டியவர். டயாலிசிஸில் இருந்துகொண்டேதான் ஜே.பி. எதிர்க்கட்சிகளை ஜனதாவாக ஒன்றுசேர்த்தார், 1977 தேர்தலுக்கு ஊர் ஊராகப் பேசினார், ஓர் ஆட்சி மாறுவதைப் பார்த்தார். 1979 அக்டோபர் 8 வரை இருந்தார். இன்றைய வசதிகளில் பாதிகூட இல்லாத காலம் அது.

இனி உங்களிடம் ஓர் உதவி. நம் மாவட்டத்தில் டயாலிசிஸுக்குப் போய்வரும் குடும்பங்கள் எங்களுக்கு எழுதுங்கள். எந்த அரசு மருத்துவமனையில் எத்தனை மணி ஷிஃப்ட், எந்த பஸ் சரியாக வருகிறது, வயிற்றுவழிப் பைகள் உங்கள் தெருவுக்கு ஒழுங்காக வந்து சேர்கிறதா, ஃபிஸ்டுலா தைக்க எங்கே போனீர்கள், இரண்டாவது மருத்துவரைக் கேட்டதில் என்ன மாறியது என்றெல்லாம் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். தொண்டி முதல் சாயல்குடி வரை ஊர்வாரியாகப் பிரித்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்